இன்னொரு காலுக்கும் தாளம்

வலது கையின் நடுவிரல் மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. இடது கை மவுஸின் மேல் காத்துக் கிடந்தது. பாட்டில் கனமான முழக்கம் விழும்போது மட்டும் விரல் இறங்கியது. நடுவில் வரும் சின்னச் சின்னச் சத்தங்களை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அரை நிமிடம் தட்டி, எண்ணி, அதை இரண்டால் பெருக்கியதும் ஐம்பத்திரண்டு வந்தது. திரையில் அந்தப் பாட்டுக்கு நேரே நூற்று நான்கு என்று எழுதியிருந்தது.

"புளுகுறான் பாரு" என்று கை நகர்ந்தது. நூற்று நான்கு அழிந்தது. ஐம்பத்திரண்டு ஏறியது. அடுத்த பாட்டு.

அடுத்ததுக்கும் அதே கதை. அதற்கடுத்த பாட்டில் மட்டும் கணினியே ஐம்பத்திரண்டு என்று சொல்லியிருந்தது. விரலும் அதையே சொன்னது. "ம், இப்பத்தான் ஒழுங்காப் பேசுற" என்று கணினிக்கு ஒரு சபாஷ் கிடைத்தது.

அந்த விரலுக்குச் சொந்தக்காரரைத் தொழிலில் எல்லாரும் எக்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். முதன்முதலாகத் தனியாக மைக்செட் போட்ட திறப்பு விழாவில் ஒரு குமிழை அதிகமாகத் திருகிவிட்டார். தலைவர் ஒருமுறை சொன்ன வணக்கத்தைச் சுவர்கள் நான்கு முறை சொன்னதில், வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை எந்த அரங்கத்திலும் எதிரொலி கேட்காதபடி வேலை செய்கிறார். பெயர் மட்டும் போகவில்லை.

இந்தத் தொழிலை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒயர் சுருட்டினார், பெட்டி தூக்கினார், பெரிய ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைக் கவனித்தார். எல்லாவற்றையும் கெடுப்பதும் காப்பதும் கனமான முழக்கம்தான் என்பதை அந்த உள்ளங்கை கற்றுக்கொண்டது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பைக் கிழிப்பது அது. ஃபியூஸைப் போக்குவது அது. கூட்டத்தை எழுந்து ஆட வைப்பதும் அதுதான். மற்றச் சத்தமெல்லாம் அவருக்கு அலங்காரம். பாட்டைக் கேட்டால் அவர் காது நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

ஷட்டர் போட்ட அந்த ஒற்றை அறையில் ஒருபக்கம் சுவர் உயரத்துக்குப் பெட்டிகள், மறுபக்கம் ஆணியில் தொங்கும் ஒயர் வளையங்கள். நடுவில் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் பலகை போட்டு, கணினி வைத்திருந்தார். அதற்குள் அவர் தொழில் வாழ்க்கை முழுக்கச் சேர்த்த பாட்டுகள் கிடந்தன. கிடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். 'ஊர்வலம் புதுசு', 'ஊர்வலம் ரொம்பப் புதுசு', 'சாப்பாட்டு நேரம்', 'கூட்டம் கலையணும்' என்று அவருக்கு மட்டும் புரியும் பெயர்களில். ஒரு விழாவுக்கு எது எப்போது வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். எது எவ்வளவு வேகம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது அக்காவின் கால்.

அக்காவுக்கு நடுக்குவாதம். முதலில் கை நடுங்கியது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயத்த ஆடைப் பட்டறையில் துணி வெட்டும் மேஜைக்கே அவள்தான் ராணி. நடுங்கும் கையோடும் கத்தரிக்கோலை நேராக ஓட்டினாள். பிறகு கால் ஒட்டத் தொடங்கியது. நடந்து வந்துகொண்டே இருப்பாள். சமையலறை வாசற்படிக்கு முன்னால் வந்ததும் யாரோ பசை தடவிய மாதிரி பாதம் தரையோடு நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னால் போகும். இரண்டு முறை விழுந்தாள்.

அத்தான் பேருந்து ஓட்டுகிறார். இருந்த விடுப்பையெல்லாம் ஒன்றாகப் போட்டு அவளுக்குத் துணையாக வீட்டில் இருந்தார். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குப் பிறகு பகல் முழுக்க அவள் தனியாக இருப்பாளா, இல்லை தூரத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவாளா என்பதுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு. மகள் அறையையே ஒதுக்கிவிட்டாள். ஞாயிறு மாலைக்குள் ஒரு வார்த்தை சொன்னால் திங்கள் மதியம் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"நல்ல பொண்ணுதான்" என்றாள் அக்கா. "ஆனா அங்க போனா தண்ணி குடிக்க டம்ளர் எங்கன்னு கேக்கணும். என் வீட்டுல நான் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். எடுக்குற தூரம் வரைக்கும் கால் வந்தாப் போதும்."

நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்தான் தாளத்தைப் பற்றிச் சொன்னாள். சீரான தாளம் காதில் விழுந்தால் ஒட்டிய கால் கிளம்பும் என்றாள். டிக் டிக் என்று அடிக்கும் சின்னப் பெட்டி ஒன்றையும் வைத்துவிட்டுப் போனாள். அக்கா அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் நடந்தாள். மறுநாள் அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

"வட்டிக்காரன் வாசல்ல நின்னு கதவத் தட்டுற மாதிரி இருக்கு. என் தம்பி மைக்செட் வச்சிருக்கான், அவன்கிட்ட இல்லாத பாட்டா?"

"பாட்டுன்னா இன்னும் நல்லதும்மா" என்றாள் பயிற்சிக்காரப் பெண். "இப்ப நிமிஷத்துக்குத் தொண்ணூத்தாறு அடி எடுத்து வைக்கிறீங்க. அதவிடக் கொஞ்சம் வேகமா, நூறு நூத்தி நாலு இருக்குற பாட்டாப் பாருங்க. வேகம் நடுவுல மாறக்கூடாது."

எக்கோ தலையாட்டிவிட்டு, அவள் போனதும் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அக்காவின் வலது கால் சற்றுக் கனமாக விழும். விரல் அதைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்தெட்டு வந்தது. "இந்தப் பொண்ணும் இரட்டிப்பா எண்ணுது" என்று முடிவு செய்தார். பாதியாக்கிக்கொண்டால் சரியாகிவிடும். ஆக, தேவை ஐம்பது, ஐம்பத்திரண்டு.

அதற்குத்தான் அந்த மென்பொருள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. பாட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, வேகம், சுருதி, சத்தத்தின் அளவு, ஆடுவதற்கு எவ்வளவு ஏற்றது, கேட்டால் என்ன மனநிலை வரும் என்று எல்லாவற்றையும் அந்தந்தக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். எழுதியது. ஆனால் எழுதிய லட்சணம்! இறந்தவர் வீட்டு வாசலில் போடும் பாட்டுக்கு 'மகிழ்ச்சி, விருந்துக்கு உகந்தது' என்று போட்டது. குழந்தையைத் தூங்க வைக்கும் பாட்டுக்கு 'ஆவேசம்'. அவரே ஒரு விளையாட்டு விழாவில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, மைக் டெஸ்டிங்" என்று பேசிப் பதிவாகிப்போன கோப்பு வந்ததும், அதில் தாளத்தைத் தேடித் தேடி மயங்கி விழுந்தது. திரும்ப எழுப்பினால் முதல் பாட்டிலிருந்து தொடங்கியது. அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டால், இன்னொரு கோப்பில் படுத்தது. இப்படி விழுந்து எழுந்து விழுந்து, வாரக்கணக்கில் இழுத்தடித்து ஒருவழியாக முடித்தது.

முடித்த பிறகுதான் விரல் வேலைக்கு வந்தது. மனநிலையைக் கோட்டை விட்டவன் வேகத்தை மட்டும் சரியாகவா சொல்லியிருப்பான்? வேகம் கிட்டத்தட்டப் பொருந்திய சில நூறு பாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இரட்டிப்பாக இருந்ததையெல்லாம் திருத்தி எழுதினார். பழைய எண்களை எங்கும் எடுத்து வைக்கவில்லை. தப்பான எண்ணைப் பத்திரப்படுத்த என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை காலை, கழுத்தில் மாட்டுகிற மாதிரி சின்னப் பிளேயர் ஒன்றில் பத்துப் பாட்டை ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

நாற்காலியிலிருந்து சமையலறை வாசற்படி வரை கூடத்தை ஒழித்து வைத்திருந்தார்கள். அத்தான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பேருந்தைப் பின்னுக்கு எடுக்கும்போது நடத்துனர் நிற்பாரே, அப்படி நின்றார். முதல் பாட்டு ஊர்வலப் பாட்டு. அக்கா எழுந்தாள். வலது, இடது, வலது, இடது. வாசற்படி வந்தது. அக்காவின் கால் அதைக் கவனிக்கவே இல்லை என்பது போலத் தாண்டிப் போனது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது:

"டம்ளர் கிடைச்சிருச்சு!"

அத்தான் எக்கோவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "மச்சான், இத்தன வருஷத்துல உன் பாட்டு எனக்குப் பிடிச்சது இன்னைக்குத்தான்."

இரண்டாவது பாட்டு இழைந்து இழைந்து போகும் பழைய பாட்டு. வேகம் அதே ஐம்பத்திரண்டு. அக்கா எழுந்தாள். வலது கால் எழுந்து விழுந்தது. இடது கால் அசையவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது. அத்தான் பாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள்.

"என்ன மச்சான், பாட்டுப் போடச் சொன்னாப் பள்ளம் தோண்டுற?"

"ரெண்டும் ஒரே வேகம் அத்தான்! ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. நானே தட்டிப் பாத்தேன்."

"அப்ப உங்க அக்கா காலுதான் கணக்குல வீக்கா?"

மூன்றாவது பாட்டுக்கு நடந்தாள். நான்காவதில் நின்றாள். ஐந்திலும் நின்றாள். ஆறாவதைப் போட வேண்டாம் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

எக்கோ கடைக்குத் திரும்பி, திரையில் அன்று போட்ட ஐந்து பாட்டையும் வரிசையாக அடுக்கினார். நடந்த பாட்டு ஒருபக்கம், நின்ற பாட்டு ஒருபக்கம். சுருதியால் அடுக்கிப் பார்த்தார், காரணம் பிடிபடவில்லை. சத்தத்தின் அளவால் அடுக்கினார், ம்ஹூம். 'ஆட உகந்தது' என்ற பத்தியைப் பார்த்தார். அக்கா விழப்போன பாட்டுக்கு அதில் நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருந்தது. எரிச்சல் தலைக்கேறியது. விரல் ஒவ்வொரு பாட்டையும் மறுபடி தட்டிப் பார்த்தது. எல்லாம் ஐம்பத்திரண்டு. சத்தியமாக ஐம்பத்திரண்டு. அந்தச் சமயம் பார்த்து மண்டபத்துக்காரர் ஒருவர் போன் செய்து, "அண்ணே, எக்கோ கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்ல, அவர் என்றைக்கும் பேசாத பேச்சுப் பேசி வைத்தார்.

வெள்ளிக்கிழமையும் அதேதான். வேறு பத்துப் பாட்டு. சிலதற்கு நடந்தாள், சிலதற்கு நின்றாள். எது எதற்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அத்தான் இப்போது கிண்டல் செய்வதை விட்டுவிட்டார்; அதுதான் எக்கோவுக்கு இன்னும் வலித்தது. அக்கா நான்காவது முறையாக நின்றபோது அவருக்கு வாய் தவறியது.

"நீ பாட்டக் கவனிக்கிறியாக்கா, இல்ல ஏதாவது நினைச்சுக்கிட்டு நிக்கிறியா? அந்தப் பாட்டுக்கு நடந்த கால் இந்தப் பாட்டுக்கு ஏன் வரல?"

அத்தான் எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி உள்ளே போனார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் என்ன வேணும்னா நிக்குறேன்? சரி, நடக்கல. உக்காந்துக்கிட்டே கேக்குறேன். அந்தச் சனியனத் திரும்பப் போடு."

போட்டார். அக்கா இரண்டு முழங்காலிலும் இரண்டு கையை வைத்தாள். கைகள் தாமாக நடுங்கின. அதற்கு மேல் அவள் தாளம் போட்டாள். வலது கை விழுந்தது. இடது கை எழுந்தது, அந்தரத்தில் நின்றது, எங்கே விழுவது என்று தெரியாமல் தவித்தது. அதற்குள் வலது கையின் முறை வந்துவிட்டது.

"பாத்தியா?" என்றாள். "வலதுக்கு டொம்முனு ஒண்ணு விழுது. இடதுக்கு ஒண்ணுமே இல்ல. வயலின்தான் இழுத்துக்கிட்டுப் போவுது. அது எந்த இடத்துல கால வைக்கச் சொல்லுது? இப்ப அந்த ஊர்வலப் பாட்டப் போடு."

அதைப் போட்டார். வலது கை கனமான முழக்கத்தில் விழுந்தது. அடுத்து வந்த சின்னச் சலங்கைத் தட்டில் இடது கை விழுந்தது. வலது, இடது. டொம், சல். ஒன்றுக்கும் காத்திருக்கவில்லை.

"எனக்கு ரெண்டு கால் இருக்குடா தம்பி. உன் பாட்டுல பாதிக்கு ஒத்தக் கால்தான்."

எக்கோ கையிலிருந்த பிளேயரைப் பார்த்துக்கொண்டே நின்றார். நூற்று நான்கு என்று கணினி சொன்ன பாட்டெல்லாம் இந்த டொம்-சல் பாட்டுகள். ஐம்பத்திரண்டு என்று அதுவாகவே சொன்னது எல்லாம் டொம் மட்டும் உள்ளவை. இரண்டு காலுக்கும் தட்டு இருக்கிறதா, ஒரு காலுக்குத்தானா என்று அது ஒவ்வொரு பாட்டின் மேலும் எழுதி வைத்திருந்தது. அந்தப் பயிற்சிக்காரப் பெண்ணும் இரண்டு காலையும்தான் எண்ணியிருக்கிறாள். இவர் உட்கார்ந்து, விரல் நோகத் தட்டி, அந்த வித்தியாசம் ஒன்றைத்தான் தேடித் தேடி அழித்திருக்கிறார்.

"என்னடா பேயடிச்ச மாதிரி நிக்குற?"

"இருந்துச்சுக்கா. எல்லாம் எழுதியே இருந்துச்சு. நான் திருத்திட்டேன்."

"யாரு திருத்தச் சொன்னா?"

எக்கோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மென்பொருளை மறுபடி ஓட விடலாமா என்று கடையில் உட்கார்ந்து யோசித்தார். தொடங்கியும் பார்த்தார். கால்வாசி போவதற்குள் படுத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் அது எழுந்து முடிப்பதாவது! அடைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார். திருத்திய அந்தச் சில நூறு பாட்டையும் முதலிலிருந்து கேட்பது என்று முடிவு செய்தார்.

கேட்பது சுலபமாக இல்லை. காது பழக்கத்தில் முழக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில் என்ன விழுகிறது என்று கேட்கச் சொன்னால் முரண்டு பிடித்தது. கடைசியில் அக்கா செய்த மாதிரியே இரண்டு முழங்காலிலும் இரண்டு கையை வைத்தார். வலது கை தானாக விழும். இடது கை சும்மா இருந்தே பழகியது. அதற்கு அடி விழும் இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. சில பாட்டில் முதல் பாதி முழுக்கச் சலங்கை இருக்கும். சரணம் வந்ததும் அதை நிறுத்திவிட்டுப் புல்லாங்குழலை ஊதுவார்கள். "ஏன்யா, நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தீங்க?" என்று இசையமைத்தவர்களைத் திட்டினார். வாசற்படிக்கு நேரே அந்தச் சரணம் வந்து தொலைத்தால் அக்கா கதி என்ன ஆகும்? அந்தப் பாட்டுகளையும் கழித்தார். நல்ல பாட்டு, கேட்கச் சுகமான பாட்டு எல்லாம் கழிந்து போனது. மிஞ்சியதில் பாதி, அவரே விழாக்களில் போடக் கூச்சப்படும் பாட்டு.

இந்த முறை வேகத்தில் கைவைக்கவில்லை. எண் இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, குறிப்பு எழுதும் காலிக் கட்டத்தில் புதிதாக ஒன்றை எழுதினார்: 'ரெண்டு கால்'. ஒத்துவராததற்கு 'ஒத்தக் கால்'. நடுவில் மாறுவதற்கு 'நொண்டி'. உலகத்தில் எந்த மென்பொருளும் பாட்டுக்கு எழுதாத குறிப்பு. சனிக்கிழமை ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போக வேண்டியிருந்ததை வேறொரு மைக்செட்காரருக்கு விட்டுக்கொடுத்தார். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டதற்கு, "கால் சரியில்ல" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே போன் செய்தாள். "மக ரெண்டு தடவ கேட்டுட்டா. காலைல சொல்றேன்னுட்டேன். முடிஞ்சுதா?"

"முடியலக்கா."

"முடிஞ்ச வரைக்கும் கொண்டா. நான் என்ன, ஊர் சுத்தவா போறேன்? அடுப்படிக்குத்தானே."

திங்கட்கிழமை காலை அவர் போனபோது அத்தான் சீருடையில் வாசலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். பக்கத்தில் ஒரு பை இருந்தது, அக்காவின் துணிகள். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருப்பார் போல.

"எத்தன பாட்டு தேறுச்சு?" என்றார் நிமிராமல்.

"முப்பது சொச்சம்."

"அத்தன ஆயிரத்துல?"

"அத்தான், காலங்காத்தால என் வாயக் கிளறாதீங்க."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிளேயரை அவள் கழுத்தில் மாட்ட அவர் குனிந்தார். அக்கா கையைக் காட்டித் தடுத்தாள்.

"இங்க வேணாம். அதோ, அங்க போய் நில்லு. நான் வந்து வாங்கிக்கிறேன்."

அவள் காட்டியது சமையலறை வாசற்படிக்கு அப்பால். எக்கோ போய் உள்பக்கம் நின்றார். அத்தான் எழுந்து வந்து பின்னால் கை விரிக்கப் போனார். "நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்றாள் அவள், திரும்பாமல். அத்தான் கையைக் கீழே போட்டார்; போகவில்லை.

எக்கோ பித்தானை அழுத்தினார். வந்த பாட்டுக்கு மென்பொருள் 'சோகம்' என்று எழுதியிருந்தது. அவர் அதை மாற்றாமலேயே விட்டிருந்தார். டொம், சல். டொம், சல். அந்தச் சின்னப் பிளேயரின் தரம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. சலங்கை தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டது. கொஞ்சம் சத்தம் கூட்டினார். அதை அவள் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

அக்கா நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்தாள். நின்றாள். இரண்டு டொம் போனது. அவர் இடது கை தன்னையறியாமல் தொடையைத் தட்டியது, சல்லுக்கு. அவள் கால் கிளம்பியது. வலது, இடது. கூடத்தின் பாதியைத் தாண்டினாள். வாசற்படியின் முன்னால் வலது கால் விழுந்தது. பாட்டில் சரணம் தொடங்கியது, சலங்கை நிற்கவில்லை. இடது கால் தரையை விட்டு எழுந்து, படியைத் தாண்டி, அவர் பக்கத்துத் தரையில் விழுந்தது.

"என்னடா பாட்டு இது, சகிக்கல" என்று சொல்லி, நடுங்கும் கையை நீட்டி அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.